அம்மாவின் கேஸ் மாத்திரைக்குப் பின்னால் இருந்த கிருமி

வணக்கம் மக்களே. கோத்தகிரியில் காலையிலிருந்தே மேகம் இறங்கிக் கிடக்கிறது, காற்று இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று ஊர் சுற்றவில்லை. அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும்.

அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்கள். ஏழெட்டு வருடமாக நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம். "கேஸ்தான்டா, நேரத்துக்குச் சாப்பிடாம வருது" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பலமுறை வாங்கிக் கொடுத்ததே நான்தான். உடம்பு இளைத்தபோதுதான் பயந்துபோய்க் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனேன்.

எண்டோஸ்கோப்பியில் இரைப்பையிலிருந்து துளி சதை எடுத்து மஞ்சள் ஜெல்லில் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் காட்டினார்: மஞ்சள் போய் ரோஸ் ஆகியிருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். வயிற்று அமிலத்தில் மற்ற கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். இதுவோ யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. ஜெல்லின் நிறத்தை மாற்றியதும் அந்த அம்மோனியாதான்.

சதையில் புற்று இல்லை. அந்த ரிப்போர்ட் வரும்வரை நான் தூங்கவில்லை. ஏனென்றால் இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே வீட்டுக்குள்ளேயே தொற்றி, பல வருடம் இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கி, மெலியவைத்து, சிலருக்குப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. 1994-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில் இதைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆனால் கிருமி உள்ள நூறு பேரில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்குத்தான் புற்று வரும், பதறாதீர்கள்.

அல்சருக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று நம்பிய காலத்தில், ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-ல் அவருக்கும், அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. அம்மாவிடம் சொன்னதும், "அந்தப் புள்ளையோட அம்மா என்ன பாடுபட்டாங்களோ" என்றார்கள்.

அப்புறம் 14 நாள் மருந்து. ஐந்தாம் நாள் வாய் கசந்து, "நிறுத்திடலாமா" என்று கேட்டார்கள். நான் விடவில்லை, பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

உங்கள் வீட்டிலும் வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுகிறவர் இருந்தால், இந்தக் கிருமிக்கு டெஸ்ட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உடம்பு இளைத்தாலோ மலம் கறுத்தாலோ அன்றைக்கே போங்கள்.

கிருமி போய்விட்டதா என்று பார்க்க நாளை மூச்சுப் பரிசோதனை. கேஸ் மாத்திரை போட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம், அதனால் இரண்டு வாரமாக அம்மா அதைத் தொடவில்லை. காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் பை கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள்.