நிலநடுக்கமும் நம்ம ஊர்க் குளங்களும்
(கோவையில் குடியிருப்போர் நலச்சங்க ஆண்டு விழாவில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடை வேண்டாம், மரக்கன்று போதும் என்று சொல்லியும் இரண்டையும் கொடுத்துவிட்ட செயலாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கமுங்க.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். நம்ம ஊரில் பூமி ஆடுமா, எந்தக் கட்டடம் தாங்கும், ஆடும்போது என்ன செய்வது.

முதல் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில், "அதெல்லாம் குஜராத்துலதானுங்க." 1900 பிப்ரவரி 8 அதிகாலை வந்ததற்குப் பெயரே கோயமுத்தூர் நிலநடுக்கம். ரிக்டரில் 6-ஐ ஒட்டி. 2002-இல் வந்த நிலநடுக்க மண்டல வரைபடமும் நம்மை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில்தான் வைத்தது. பார்த்தவர்கள் யாரும் இன்று இல்லை, பயமும் அவர்களோடு போய்விட்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.

என் மாமா ஒருவர் மனை வாங்கினார். வாஸ்துக்காரர் வந்து அக்கினி மூலை பார்த்தார். ஜோசியர் நாள் குறித்தார். வானம் தோண்டினால், கறுப்புக் களிமண்ணோடு கைநிறைய நத்தை ஓடு! மாமா அசரவில்லை. "ஏனுங் மாப்ள, இருபதடியில தண்ணி! ஊரே ஆயிரம் அடிக்கு போர் போடுது, நமக்கு யோகத்தைப் பாருங்க" என்று எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். ஓட்டைக்கூட எடுத்துக் கழுவி அத்தையிடம் காட்டினார். அத்தைதான் கேட்டது: "ஏனுங்க, இது கொளமாட்ட இருக்குதுங்களே?" மாமா அப்புறம் ஜிலேபி தொடவில்லை.

சிரிக்கிறீர்கள். 1985-இல் மெக்சிகோ நகரத்தைச் சாய்த்த நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கடலோரத்தில். பழைய ஏரிப்படுகை மேல் கட்டிய பகுதிதான் அதிகம் அடிபட்டது. தண்ணீர் ஊறிய சேற்று மண் அதிர்வைப் பெருக்கிவிடும். அங்கேதான் நம் பேச்சு வருகிறது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் எல்லாம் நொய்யல் தண்ணீருக்காக முன்னோர் வெட்டியவை. கரையை ஒட்டியும் வாய்க்காலை மூடியும் மனை போட்டால் வெள்ளத்துக்கு மட்டுமா பயப்பட வேண்டும்? ஆழம் தெரியாமல் காலை விட்டால் பரவாயில்லை, நாம் தூணையே விடுகிறோம்.

கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2001 குஜராத் நிலநடுக்கத்தில், அகமதாபாத்தில் கீழ்த்தளத்தில் சுவரில்லாமல் கார் நிறுத்தத் தூண் மட்டும் விட்ட அடுக்குமாடிகள் பல உட்கார்ந்துவிட்டன. உங்கள் வீட்டில் கீழே என்ன இருக்கிறது, போய்ப் பாருங்கள். மணி அடித்துவிட்டார்கள், மூன்றாவதை அடுத்த ஆண்டு சொல்கிறேன்.

குளங்களை அளந்து எல்லைக்கல் நடச் சொல்லும் மனு, டீ மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ எடுங்கள். உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், பேனா என்னிடமே இருக்கிறது.