டவர் கிடைச்சுச்சா சார்?

அவைத் தலைவர் அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, விளக்கேற்றி வைத்த பெரிய ஆச்சி அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட நகரத்தார் பெருமக்களே, ஆசிரியச் சொந்தங்களே, வணக்கம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த வள்ளல் அழகப்பரின் காரைக்குடியில் கல்வியைப் பற்றிப் பேசக் கிடைத்தது என் பாக்கியம்.

பாடநூல், தேர்வு, ஆசிரியர் மனநிலை என்று மூன்று செய்தி சொல்ல வந்தேன். மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இன்றைக்கு எங்கள் மனநிலை அதுதான்.

சீர்திருத்தம் என்றாலே ஆசிரியர்கள் எதிர்ப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. 2022-இல், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் நிலைக்கேற்பச் சொல்லிக்கொடுப்பதை மனதார வரவேற்றோம். காலை உணவும் அப்படித்தான். பசியோடு வந்து பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சரி, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஈராசிரியர் பள்ளி. டீச்சர் பயிற்சிக்குப் போய்விட்டார், ஐந்து வகுப்பும் என் தலையில். அரும்பில் ஒரு சிறுமி, மூன்று மாதமாக வாயே திறக்காதவள், அன்று பலகையைப் பார்த்து "ஊ... ர..." என்று எழுத்துக் கூட்டுகிறாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்த நேரம் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து போன் அடிக்கிறது. "சார், எமிஸ்ல உங்க பள்ளி வருகை இன்னும் ஏறலை." எமிஸ் என்பது, பிள்ளைகளின் வருகையைப் போனில் ஏற்ற வேண்டிய கல்வித் துறையின் இணையப் பதிவேடு. வகுப்பறையில் சிக்னல் கிடையாது. ஊரணிக் கரைக்கு ஓடினேன். ஆலமரத்தடியில் கையைத் தூக்கி நின்றால் ஒரு கோடு வரும், போகும். இருபது நிமிடம் கழித்துத் திரும்பினால், பிள்ளை சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருக்கிறாள். "டவர் கிடைச்சுச்சா சார்?" என்றாள். "கிடைச்சுச்சு தாயி, நீ வாசி" என்றேன். தலையை ஆட்டிவிட்டாள். 'ஊரணி'யை அவள் வாசித்து முடிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

அன்றைய வருகை மட்டும் ஒழுங்காக ஏறியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய்! அலுவலர் அய்யா அவர்களே, உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கும் மேலே இருந்து போன் வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பைப் பார்க்கும் அந்த இருவரில் ஒருவர் போனோடு ஊரணிக் கரையில் நின்றால் எப்படி? நாங்கள் கேட்பது நாலைந்து தொடக்கப் பள்ளிக்கு ஒரு எழுத்தர், பதிவேற்றும் வேலை முழுக்க அவரிடம். பாடநூலையும் தேர்வையும் இன்னொரு மேடையில் பேசிக்கொள்ளலாம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஆச்சி முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பந்திக்குப் போகும் முன் நீங்களும் போட்டுவிட்டுப் போங்கள்.