மார்ஷல் ரோட்டில் கேட்ட கேள்வி

(வடசென்னையில் ஒரு தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் வரலாற்றில் இடம்பெற்ற பெண்களைப் பற்றித் தேடிப் படித்து மேடையில் பேசிய விழாவில் நான் பேசியதன் எழுத்து வடிவம்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, இருபத்தாறு பிள்ளைகள் பேசி முடிக்கும் வரை இருக்கையை விட்டு எழாமல் கேட்ட எங்கள் வட்டத்தின் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, மைக் செட்டுக்கும் நாற்காலிக்கும் வாடகை வாங்க மாட்டேன் என்று சொன்ன பந்தல்காரத் தம்பி அவர்களே, விடிவதற்குள் எழுந்து இந்தப் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைக்கும் சகோதரிகளே, பெற்றோர்களே, ஆயாக்களே, தாத்தாக்களே, எல்லோருக்கும் மேலாக இன்றைய பேச்சாளர்களான பிள்ளைகளே, வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு செய்திகள் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது ஒன்று. செய்தியை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது இரண்டு.

இன்று ஜான்சி ராணியாக ஐந்து பேர் வந்தார்கள். அன்னை தெரசாவாக நான்கு பேர், கல்பனா சாவ்லாவாக மூன்று பேர். அட்டை வாளோடு வந்த அந்தச் சின்னக் குட்டியை யாருக்குத்தான் பிடிக்காது? தப்பே இல்லை. ஆனாலும் எங்கள் அம்மா ஒரு பழமொழி சொல்வார். கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தானாம் என்று. அதுதான் என் நினைவுக்கு வந்தது.

நம் கையில் இருக்கிற வெண்ணெயைப் பாருங்கள். புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் டாக்டரானவர் முத்துலட்சுமி ரெட்டி. அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் வந்ததற்குக் காரணம் அவர். சிறு வயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பிறகு, நாம் சுண்டல் வாங்கித் தின்னும் அதே கடற்கரையில், ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில், தன்னைப் போன்ற இளம் பெண்களைத் தங்கவைத்துப் படிக்க வைத்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-இல் சேர்ந்த அ. லலிதாவும் பதினெட்டு வயதிலேயே கணவனை இழந்தவர்தான், கையில் பெண் குழந்தை வேறு. அந்தக் கல்லூரியின் பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்றே அச்சடித்து வைத்திருந்தார்கள். அதை அடித்து ‘அவள்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த இடங்களுக்கெல்லாம் மாநகரப் பேருந்திலேயே போய்விடலாம்.

இன்று ஒரு பிள்ளை அப்படி ஒருவரைத்தான் கொண்டுவந்தாள். நான்காம் வகுப்பு. பேர் சொன்னால் வெட்கப்படுவாள், சொல்லவில்லை. அவளும் அவள் ஆயாவும் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

ஆயாவுக்குக் கண்புரை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வெளியே வந்தபோது பிள்ளை தெருப் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். ருக்மிணி லட்சுமிபதி சாலை. “யாரு ஆயா இவங்க?” ஆயா சொன்னாராம், “எனக்கு இது மார்ஷல் ரோடுடி. வேற எதுவும் தெரியாது.” பிள்ளை விடவில்லை. டீக்கடையில் கேட்டாள். “ஆஸ்பத்திரிக்கு நிலம் கொடுத்த அம்மாவா இருக்கும் பாப்பா” என்றார்கள். மருந்துக் கடையில் கேட்டாள். “பெரிய டாக்டரா இருக்கும்.” ஆட்டோக்காரரிடம் போனாள். “இருபது வருஷமா இங்கதான் ஸ்டாண்டு. மார்ஷல் ரோடுன்னாதான் சவாரிக்கே புரியும். யாருன்னு இன்னிக்கு வரைக்கும் என்னை எவனும் கேட்டதில்லை பாப்பா” என்றாராம் அவர்.

கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிதான் வாயைத் திறந்தார். “உப்புக்காக ஜெயிலுக்குப் போன அம்மாடி அவங்க. எங்க அப்பா சொல்லுவாரு.” பிள்ளை என்ன கேட்டாள் தெரியுமா? “உப்பைத் திருடிட்டாங்களா பாட்டி?”

சிரிக்கிறீர்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன், அந்தக் கேள்விதான் ஆராய்ச்சி. கடலோரத்தில் கிடக்கும் உப்பை அள்ளினால் ஜெயிலா, ஏன், யார் அப்படிச் சட்டம் போட்டது என்று அவளுக்குள் கேள்வி கேள்வியாகக் கிளம்பிவிட்டது.

மறுநாள் அவளுடைய அம்மா பத்து ரூபாய்க்கு ஜான்சி ராணி படத்தாள் வாங்கி வந்து, “சார்ட்டில் ஒட்டு, நான் எழுதித் தருகிறேன்” என்றிருக்கிறார். எந்த வீட்டில்தான் நடக்கவில்லை? முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா எழுதி, அப்பா பார்டர் போட்டு, பிள்ளை தூங்கிவிடும். இவள் மாட்டேன் என்று அழுது, ஆயாவை இழுத்துக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போனாள். நூலகர் ஏணி போட்டு ஏறி இரண்டு புத்தகங்களை எடுத்துத் தந்தார்.

அதில் கிடைத்ததைத்தான் இன்று நமக்குச் சொன்னாள். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த உப்பு சத்தியாகிரகத்தில் ருக்மிணி லட்சுமிபதி கைதாகிச் சிறை போனார். 1937-இல் சென்னை சட்டமன்றத்தின் துணை சபாநாயகர். 1946-இல் பிரகாசம் அமைச்சரவையில் அமைச்சர், சென்னை மாகாணத்தில் அமைச்சரான ஒரே பெண். என்ன துறை? பொதுச் சுகாதாரம். “அதனாலதான் அவங்க ரோட்டுல ஆஸ்பத்திரி இருக்கோ?” என்று அவளே கேட்டாள் பாருங்கள். ஆஸ்பத்திரி அவருக்கு ரொம்ப முன்பே வந்தது. அதையும் அவளே தேதி பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஆபரேஷன் முடிந்து ஆயாவைக் காட்டப் போனபோது அதே ஆட்டோக்காரரைத் தேடிப் பிடித்து அத்தனையும் ஒப்பித்திருக்கிறாள். அவர் அன்றைக்குச் சவாரிக் காசு வாங்கவில்லை.

சரி, அந்த நூலகர் இல்லாவிட்டால் இந்தக் கதை என்ன ஆகியிருக்கும்? சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம், 1948-இல். இன்றும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். காசு நம்முடையது, கட்டடம் நம்முடையது, புத்தகமும் நம்முடையது. பிள்ளையின் கையில் மட்டும் போனைக் கொடுத்துவிட்டு, “தேடு, காப்பி பண்ணு” என்கிறோம். கையிலே வெண்ணெய் ஐயா, கையிலே வெண்ணெய்! போனில் வந்த ஒரே பத்தியை இன்று ஜான்சி ராணிகளில் மூன்று பேர் ஒரு சொல் மாறாமல் சொன்னார்கள். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேறு வழியை நாம் காட்டவில்லை.

எங்கள் வாசகர் வட்டம் இரண்டு வருடமாகக் கேட்பது இதைத்தான். மூன்றாம் வகுப்புக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையும் நூலக உறுப்பினராக வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளை பிள்ளைகளை வரிசையாக நடத்தி நூலகத்துக்கே கூட்டிப்போக வேண்டும். சிறுவர் அலமாரி, பூட்டில்லாமல் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஏணி போட்டு எடுக்கிற உயரத்தில் சிறுவர் புத்தகம் எதற்கு? மாமன்ற உறுப்பினர் அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மனுவை மேடையிலேயே அவரிடம் கொடுக்க அனுமதி கேட்டேன், சிரித்துக்கொண்டே தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

வாசலில் மேசை போட்டு உறுப்பினர் படிவம் வைத்திருக்கிறோம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித்தர இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். போகிற வழியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். முதல் படிவத்தில் அந்த ஆயா, ஆபரேஷன் ஆன கண்ணோடு, சற்றுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நன்றி, வணக்கம்.