பொட்டலம் மடித்தவன் பேசுகிறேன்

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். கூட்டத்துக்கு மட்டும் இரண்டு வணக்கம், கைதட்டப் போவது நீங்கள்தானே.

தலைப்பு: வாழ்க்கையைக் கற்றுத் தருவது வகுப்பறையா, கடைத்தெருவா? எனக்கு முன் பேசிய பேராசிரியர் அம்மையார் பத்து நிமிடம் பேசினார். ஒன்பது நிமிடம் நன்றாகத்தான் பேசினார். கடைசி நிமிடத்தில் என்னைப் பார்த்து, “கடைக்குப் போனவன் என்னத்தைக் கற்றான்? பொட்டலம் மடிக்கத்தானே?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மையாரே, எழுதிக்கொண்டு வந்த நாலு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இனி பொட்டலம் மட்டும்தான்.

பொட்டலம் மடிப்பது என்ன அவ்வளவு லேசா? 1991. அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு, லால்குடியில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் சேர்ந்தேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம், அண்ணாச்சி. முதல் நாள் காலை ஆறு மணி. எண் போட்ட பலகைகளை வரிசை மாறாமல் கழற்றி வைத்து, வாசல் தெளித்து, சாம்பிராணி போட்டு நிமிர்ந்தால் முதல் போணிக்கு வந்து நிற்கிறார் எங்கள் கணக்கு வாத்தியார்! “நூறு கடுகு போடுடா.”

கை நடுங்குகிறது. பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டினேன். நூறு கிராம் கடுகு நிறுத்துக் கொட்டினேன். மேலே மடித்து, விட்டத்தில் தொங்கிய நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து, மூன்று சுற்றுச் சுற்றி, விரலால் சுண்டி அறுத்து, கெத்தாக நீட்டினேன். சார் வாங்கினார். நூல் இருக்கிறது, பேப்பர் இருக்கிறது, கடுகைக் காணோம்!

உளுந்து என்றால் விழுந்த இடத்தில் கிடக்கும். கடுகு கிடக்குமா? படி இறங்கிற்று. சாக்கடைக்கு வழி கேட்டுப் போயிற்று. சாரின் செருப்புக்குள் கொஞ்சம், வேட்டி மடிப்பில் கொஞ்சம். பின்வரிசையில் யாரோ சிரிக்கவில்லை, அவருக்காக இன்னொரு தடவை: நூல் இருக்கிறது, பேப்பர் இருக்கிறது, கடுகைத்தான்… ஆங், காணோம்!

சார் கோபப்படவில்லை. “கூம்பின் கன அளவு என்னடா?” என்றார். “மூன்றில் ஒரு பங்கு பை ஆர் ஸ்கொயர் ஹெச், சார்!” கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். முழு மார்க். உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது: “அதெல்லாம் சரிலே, அடிய மடிச்சியா?”

அம்மையாரே, சூத்திரம் உங்கள் வகுப்பறை கொடுத்தது. அடியை மடிக்கச் சொன்னது யார்? இதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். நடுவர் இன்னும் மணியைத் தொடவில்லை, அதனால் பேசுகிறேன்.

கடைக்காரனைக் கேலி செய்வது புதிதும் இல்லை. 1844 டிசம்பர் 21, இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர். நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. கலப்படம் கிடையாது, எடை சரியாக இருக்கும், வாங்குகிறவனுக்கே லாபத்தில் பங்கு. திறந்த அன்று தெருப் பையன்கள் வாசலில் கூடிக் கூவினார்கள். அந்த வழியைப் பார்த்துத்தான் 1904இல் திருவல்லிக்கேணியில் நம் ஆட்கள் கூட்டுறவுக் கடை போட்டார்கள். சரி, வருஷக்கணக்குச் சொன்னால் நீங்கள் கைதட்ட மாட்டீர்கள். லால்குடிக்கே வருகிறேன்.

மத்தியானம் என்னைத் தராசில் நிறுத்தினார்கள். மாடி வீட்டுக்காரருக்கு ஒரு கிலோ பருப்பு. முள் நட்ட நடுவில் நின்றது. அடுத்து, தெருவில் இட்லி சுட்டு விற்கும் ஆயா, கால் கிலோ துவரம்பருப்பு கேட்டது. அண்ணாச்சியே எழுந்து வந்து அள்ளிப் போட்டார். தட்டு தாழ்ந்துகொண்டே போகிறது. நான் படித்த பிள்ளை இல்லையா? “அண்ணாச்சி, எடை கூட இருக்கு!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். ஆயா தலையைக் குனிந்துகொண்டது.

அண்ணாச்சி பதறவே இல்லை. “தராசு பழசுலே. சில நேரம் அப்படித்தான் சாயும்” என்றார். ஆயா தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் காதைப் பிடித்து ஒரு திருகு. ஒரு வார்த்தை பேசவில்லை.

ராத்திரி எங்கள் வீட்டுக்கும் கால் கிலோ பருப்பைக் கணக்கு நோட்டில் எழுதிவிட்டு அவரே மடித்துக் கொடுத்தார். அம்மா டப்பாவில் கொட்டினாள். எப்போதும்போல டப்பா நிரம்பி ஒரு கைப்பிடி மிச்சம். எப்போதும் சொல்வதையே அன்றைக்கும் சொன்னாள்: “அந்தக் கடைத் தராசு சரியில்லடா. பாவம் அண்ணாச்சி, நஷ்டமாகப் போகுது. நீதான் அங்க இருக்கியே, சொல்லக் கூடாதா?”

“சொல்றேம்மா” என்றேன்.

இன்றுவரை சொல்லவில்லை, நடுவர் அவர்களே.