பாட்டுக் கேட்பதற்காக வீட்டு முற்றத்தில் சொந்த மின்கம்பம்! ஹைஃபை பித்து வழிதவறும் இடம் எது?

[திரையில்: ஒரு வீட்டு முற்றம், அதன் நடுவே ஓங்கி நிற்கும் கான்கிரீட் மின்கம்பம்]

ஜப்பானில் ஒரு முதியவர், தம் வீட்டில் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, சுமார் 10,000 டாலர் செலவழித்து, முற்றத்தில் 40 அடி உயரத்துக்கு ஒரு மின்கம்பத்தை நட்டு, தமக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மரும் வைத்துக்கொண்டார். இது கட்டுக்கதை அன்று. 2016இல் செய்தித்தாள்களில் வந்த விஷயம். அவர் தனி ஆளும் அல்லர். பதிவான ஒலியை அப்படியே துல்லியமாகக் கேட்க வேண்டும் என்று தேடி அலையும் அந்நாட்டின் ஹைஃபை ரசிகர்கள் வேறு சிலரும் இதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் ஃபிரிட்ஜும் மோட்டாரும் கலக்கிவிட்ட மின்சாரம் தங்கள் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையக் கூடாது என்பது அவர்களுடைய வாதம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்த ஆம்ப்ளிஃபயரும், சுவரிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பெரிய மின்தேக்கிகளில் தேக்கி, அதன் ஏற்ற இறக்கங்களைத் தணித்த பிறகே பாட்டுக்குப் பயன்படுத்துகிறது. கம்பம் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பகுதியைப் பெட்டியே உள்ளுக்குள் செய்து முடித்துவிடுகிறது. (சாயங்காலமானால் மின்விசிறி மயங்கிச் சுற்றும் ஊர்களில் ஸ்டெபிலைசர் வாங்குவது வேறு கதை, அதை நான் குறை சொல்லவில்லை.) ஹைஃபை ரசிகர்களின் பணம் பெரும்பாலும் கோளாறு இல்லாத இடத்தில்தான் கொட்டப்படுகிறது என்பதே இந்தக் காணொளியின் வாதம். கோளாறு உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை அறிந்தால், உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்கு வயிறு எரியும்.

பின்னணியை வேகமாகக் கடந்துவிடுவோம். 1931இல் ஆலன் ப்ளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரினார். 1950களின் இறுதியில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. 1982இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சிடியைக் கொண்டுவந்தன. நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் என்ற அந்த அளவீட்டுக்குள், மனிதக் காதால் கேட்க முடிந்த சுருதிகள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ‘குறையற்ற ஒலி, என்றென்றைக்கும்’ என்ற பொருளில் அப்போது விளம்பரமும் செய்தார்கள்.

அதை நம்பாதவர்கள் இசைத்தட்டுக்கே திரும்பினார்கள். அவர்களுக்கு நேர்ந்ததை மட்டும் நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 100 டாலருக்கும் மேலான விலையில் விற்ற சில சிறப்பு இசைத்தட்டுகளை, டிஜிட்டல் வாடையே படாமல் மூல டேப்பிலிருந்து நேராகப் பொறித்தவை என்று ரசிகர்கள் நம்பினார்கள். அந்த இளஞ்சூடான அனலாக் ஒலியைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தார்கள். 2022இல் அந்நிறுவனம் ஒரே ஆல்பத்தை 40,000 பிரதிகள் வெளியிடப் போவதாக அறிவித்தபோதுதான், அருமையான ஒரு மூல டேப்பை இத்தனை முறை ஓட்ட யார் அனுமதிப்பார்கள் என்ற சந்தேகம் கிளம்பியது. அரிசோனாவைச் சேர்ந்த ஓர் இசைத்தட்டுக் கடைக்காரர் அதைத் தம் வீடியோவில் போட்டு உடைக்க, 2011 முதலே பல வெளியீடுகள் நடுவில் டிஜிட்டல் பதிவாக மாறித்தான் தட்டுக்கு வந்தன என்பதை நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு வழக்கும் சமரசமும் நடந்தன. ஆனால் என்னைக் கவர்வது வழக்கு அன்று. உலகிலேயே கூர்மையான காதுகள் தங்களுடையவை என்று நம்பியவர்கள், லட்சக்கணக்கில் செலவழித்த கருவிகளில், பத்தாண்டுகளுக்கு மேல் அந்த டிஜிட்டல் படியைக் காதால் கண்டுபிடிக்கவில்லை. ஒலி கெட்டுப்போனதாக அவர்களுக்குத் தோன்றியது செய்தி வெளியான பிறகுதான்!

இதில் அவர்களைக் கேலி செய்வதற்கு நமக்கும் உரிமை இல்லை, ஏனென்றால் எல்லோருடைய காதும் கண்ணோடு கூட்டுச் சேர்ந்துதான் வேலை செய்கிறது. 1994இல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள், ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேருக்கு நான்கு ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணெதிரே வைத்தும் ஒலிக்கவிட்டு மதிப்பெண் கேட்டார்கள். கண்ணால் பார்த்தவுடன், பெரிய, கம்பீரமான ஸ்பீக்கர்களின் மதிப்பெண் உயர்ந்தது. சிறிய பிளாஸ்டிக் ஸ்பீக்கரின் மதிப்பெண் சரிந்தது. நான் மிகவும் ரசித்தது இன்னொரு முடிவை. ஸ்பீக்கரை அறையின் வேறொரு இடத்துக்கு நகர்த்தியபோது, திரைக்கு இப்பால் இருந்தவர்கள் ஒலி மாறிவிட்டதைக் கவனித்தார்கள். ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் அந்த மாற்றத்தைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

[திரையில்: 10க்கு 12 அடி அறையின் வரைபடம்]

இந்தக் காணொளியை நான் எடுத்ததற்கே காரணம் அந்த முடிவுதான்: கோளாறு உங்கள் அறையில் இருக்கிறது.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே எந்த ஒலியின் அரை அலைநீளம் அளவாகப் பொருந்துகிறதோ, அந்த ஒலி சுவரில் மோதித் திரும்பும் ஒவ்வொரு முறையும் தன்னோடு தானே சேர்ந்து வீங்குகிறது. தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கி நடக்கும்போது, நம் நடை தண்ணீரின் ஆட்டத்தோடு ஒத்துப்போய்விட்டால் வாளி தளும்பிக் காலெல்லாம் நனைந்துவிடுகிறதே, அதே கணக்குத்தான் இங்கும். 10 அடி இடைவெளிக்கு அந்த ஒலி 56 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 அதிர்வுகள். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். நம் ஊரில் மேஸ்திரியிடம் விட்டால், 10க்கு 12 என்று அறையை எழுப்பி, கூரையையும் 10 அடியில் போட்டுவிடுவார். அப்போது அகலமும் உயரமும் ஒன்றாகிவிடுவதால், அதே 56 ஹெர்ட்ஸ் இரண்டு பக்கத்திலிருந்தும் வீங்குகிறது. 10க்கு 10 அறை என்றால் மூன்று பக்கத்திலிருந்தும்!

இப்போது ஒரு பேஸ் கிட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டாவது தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டினால் எழுவது 55 ஹெர்ட்ஸ். ஆகவே பாட்டில் அந்த ஒரு ஸ்வரம் வரும்போதெல்லாம் அலமாரியில் இருக்கும் டம்ளர் அதிரும்; அடுத்த ஸ்வரம் வந்த சுவடே தெரியாது. கேட்பவர் ஸ்பீக்கரைத்தான் சந்தேகிப்பார். அதை விற்றுவிட்டு, இரண்டு மடங்கு விலையில் வேறொன்றை வாங்குவார். புதிய ஸ்பீக்கரும் அதே ஸ்வரத்தில் முழங்கும், ஏனென்றால் அவர் வீடு மாறவில்லை. அதன் பிறகு கேபிளை மாற்றுவார்.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்து வாங்குபவர்களுக்கு இதில் இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்து கட்டப்பட்டவை. அந்தச் சுவர்கள் தாழ்ந்த ஒலிக்குச் சற்று நெளிந்துகொடுத்து, அதில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன, ஒரு பங்கை வெளியே விட்டுவிடுகின்றன. நம்முடைய செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் வழவழப்பான டைல்ஸ் தரையும் கிட்டத்தட்ட எதையும் விழுங்குவதில்லை. அங்கே அளவாக ஒலித்த ஸ்பீக்கர் இங்கே வந்து கடமுடவென்று முழங்கினால், அதற்கு அந்த ஸ்பீக்கர் என்ன செய்யும்?

நாற்காலியை நகர்த்திப் பார்க்கலாமே என்பீர்கள். கட்டாயம் நகர்த்த வேண்டும். ஆனால் அங்கேயும் சோதனைதான். இந்த அலைகளின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கிறது, அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. எனவே சோஃபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் வயிற்றில் இடிக்கும். நடுவில் இழுத்துப் போட்டால் அந்தத் தாழ்ந்த ஒலி காணாமலே போகும். நீளத்தில் சுமார் 38 சதவீதத் தொலைவில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது இத்துறையில் பலரும் தொடங்கும் இடம். 12 அடி அறையில் அது நாலரை அடி. நம் வீடுகளில் அது சமையலறைக்குப் போகும் வழியாக இருக்கும்.

சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர், வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான, ஆனால் உண்மையிலேயே பலன் தரும் முறை உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டை ஓடவிட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்து தவழ்ந்து எந்த மூலையில் ஒலி சீராகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் சப்வூஃபரை வைத்தால், நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதே சீரான ஒலி கேட்கும். வீட்டில் விருந்தாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

சுவரில் ஃபோம் ஒட்டினால் போதாதா? 56 ஹெர்ட்ஸ் ஒலியின் கால் அலைநீளமே 5 அடி. இரண்டு அங்குல ஃபோமும் முட்டை அட்டையும் அதன் முன்னால் இருந்தும் ஒன்றுதான், இல்லாமல் இருந்தும் ஒன்றுதான். கைதட்டினால் ‘டிர்ர்’ என்று அடிக்கும் மேல்சுருதி எதிரொலியை அடக்கத் திரைச்சீலையும் கம்பளமும் புத்தக அலமாரியும் உதவும். தாழ்ந்த ஒலியை அவை சீண்டுவதில்லை. மைக் வைத்து அளந்து, ஒவ்வொரு சுருதியின் அளவையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் திருத்தலாம். அளப்பதற்கு ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற இலவச மென்பொருளே இருக்கிறது. கேபிளுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பகுதியை அளவிடும் மைக்குக்குக் கொடுங்கள் என்று நான் வற்புறுத்தியே சொல்வேன். ஆனால் ஈக்வலைசர் மேட்டை வெட்டும், பள்ளத்தை நிரப்பாது. ஓரிடத்தில் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்றால், அங்கே 10 டெசிபெல் ஏற்றுவதற்கு ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தியைக் கொட்ட வேண்டும். கொட்டியதும் அதே இடத்தில் அழிந்துபோகும்.

தாழ்ந்த ஒலியைச் சீராக்க ஹார்மனைச் சேர்ந்த டாட் வெல்ட்டி 2002இல் கணக்கிட்டுக் காட்டிய வழி, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு, அல்லது நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்றாக நான்கு சப்வூஃபர்கள் என்பது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைச் செய்யத் துணிந்தவர்கள், கீழ்வீட்டுக்காரர் சொன்னதைக் கமென்ட்டில் எழுதுங்கள். தணிக்கை செய்து எழுதுங்கள்.

[திரையில்: வெள்ளைக் கூம்பு கொண்ட கறுப்பு ஸ்பீக்கர்]

இவ்வளவும் சரிசெய்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் எதைத் துல்லியமாகக் கேட்கப் போகிறீர்கள்? 1978இல் யமஹா நிறுவனம் என்எஸ்-10 என்ற ஸ்பீக்கரை வீடுகளுக்காக வெளியிட்டது. ஹைஃபை உலகில் அதற்கு வரவேற்பு இல்லை. ஆனால் இதில் நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும் என்ற எண்ணத்தில் ஒலிக்கலவைப் பொறியாளர்கள் அதை எடுத்துக்கொள்ள, 1980களில் உலகெங்கும் உள்ள ஸ்டூடியோக்களில் அந்த வெள்ளைக் கூம்பு நிலைபெற்றுவிட்டது. அதன் கீச்சு ஒலியைப் பொறுக்க முடியாமல், பலர் மேல்சுருதிகளை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரின்மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டிவைத்து வேலை செய்தார்கள். அந்தக் காலத்து ஆல்பங்கள் பலவற்றில் எந்த ஒலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள், அந்தக் காகிதத்தின் வழியாகக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். அவர்கள் கேட்டதை அப்படியே கேட்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், மின்கம்பம் வேண்டாம். ஒரு டிஷ்யூ பெட்டி போதும்.

உங்கள் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கமென்ட்டில் போடுங்கள். எந்த ஸ்வரத்தில் உங்கள் வீடு முழங்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன். மூன்றும் 10 அடி என்று எழுதுபவர்களுக்கு முன்கூட்டியே என் அனுதாபங்கள்.