தொங்கும் செர்ரி ஏன் திடீரென்று நிமிர்ந்து வளர்கிறது?

(காட்சி: ஏப்ரல் காலை. வீட்டு முன்புறப் புல்வெளியில் பூத்து நிற்கும் ஒரு மரம்.)

வணக்கம். இந்த வீப்பிங் செர்ரியை ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள். இளஞ்சிவப்புப் பூக்களோடு கிளைகள் புல்லைத் தொடுகிற அளவுக்குத் தொங்குகின்றன. இப்போது கண்ணை உச்சிக்குக் கொண்டுபோங்கள். நடுவிலிருந்து நாலைந்து கிளைகள் மட்டும் வானத்தைப் பார்த்து விறைப்பாகக் கிளம்பியிருக்கின்றன. அவற்றில் பூவும் வேறு, வெள்ளை.

நர்சரிக்காரர் தவறான கன்றைக் கொடுத்துவிட்டாரோ என்று தோன்றும். அப்படியில்லை. இங்கே நிற்பது ஒரு மரமல்ல, இரண்டு.

நம் ஊர் ஒட்டுமாங்கன்று தெரியும்தானே? அதே வேலைதான். நேராக வளரும் ஒரு செர்ரியை வளர்த்து, 4 முதல் 6 அடி உயரத்தில் வெட்டி, அதன் தலையில் தொங்கும் வகையை ஒட்டுக் கட்டுகிறார்கள். ஏன் இவ்வளவு உயரத்தில்? தொங்கும் வகைக்குத் தானாக நிமிரத் தெரியாது. சின்ன வயதில் கம்பு நட்டுக் கட்டிவிடாவிட்டால் தரையிலேயே படர்ந்துவிடும்.

(காட்சி: தண்டுக்கு மிக அருகில்.)

தண்டைக் கையால் தடவிப் பாருங்கள். இதோ, இந்த இடம் முண்டாகப் புடைத்திருக்கிறது, பட்டையின் நிறமும் மாறுகிறது. இதுதான் ஒட்டு. இதற்குக் கீழே இருப்பதெல்லாம் நிமிரும் சாதி. அங்கிருந்து வரும் துளிர் வேரின் பலத்தில் விறுவிறுவென்று ஏறும். விட்டுவைத்தால் சில வருடங்களில் தொங்கும் பகுதியை நிழலில் போட்டு அழித்துவிடும். ஆகவே துளிர் பச்சையாக, பென்சில் கனத்தில் இருக்கும்போதே அடியோடு எடுத்துவிடுங்கள். நுனியை மட்டும் கிள்ளினால் ஒன்று இரண்டாகும்.

ஒரு எச்சரிக்கை. ஒட்டுக்கு மேலே வரும் புதுக் கிளைகூட முதலில் வில் மாதிரி மேலே எழும்பி, பிறகுதான் கனம் தாங்காமல் சாயும். மரம் உயரம் சேர்ப்பதே அப்படித்தான், அதை வெட்டிவிடாதீர்கள். கிளை எங்கே பிறக்கிறது என்று விரலால் பின்தொடர்ந்து பார்த்த பிறகே கத்தரியை எடுங்கள்.

சரி, அது ஏன் சாய்கிறது? ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டு. 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் தொங்கும் செர்ரியின் இளம் கிளைகளுக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்தபோது, கிளைகள் மேல்நோக்கி வளர்ந்தன. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

அப்புறம் கவாத்து. அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகளை மரம் முந்தைய கோடையிலேயே உருவாக்கிவிடுகிறது. இலையுதிர் காலத்தில் வெட்டினால் அந்தப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். பூ உதிர்ந்தபின், மழையில்லாத ஒரு நாளில் வெட்டுவது நல்லது. ஈரக் குளிரில் வெட்டுக்காயம் வழியாகப் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழையும், பட்டையில் தேன் நிறத்தில் பிசின் வடியும். “செர்ரியை வெட்டுபவன் முட்டாள், பிளம்மை வெட்டாதவன் முட்டாள்” என்று ஜப்பானில் ஒரு பழமொழியே உண்டு. காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்ளே நெருக்கியடிப்பது, இவை போதும். கீழ்விளிம்பைக் குடை மாதிரி ஒரே மட்டமாக நறுக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மரத்தின் அழகே அந்த ஒழுங்கில்லாத நுனிகள்தான்.

தண்ணீரைப் பற்றி: செர்ரி வேருக்குத் தேங்கிய நீர் ஆகவே ஆகாது. நடுவதற்கு முன் ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் நின்றால் அந்த இடம் வேண்டாம், அல்லது மண்ணை மேடாக்கி நடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் தேவை. முதல் இரண்டு வருடம், மழையில்லாத வாரங்களில், வாரம் ஒருமுறை வேர் வரை நிதானமாக நனையட்டும். மண்ணின் மேல் காய்ந்த இலை மாதிரி எதையாவது பரப்பி இரண்டு மூன்று அங்குலம் மூடாக்கு போடுங்கள், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி.

சென்னையிலோ மதுரையிலோ வளருமா? வளராது. குளிர்காலம் முழுக்க உறங்கி எழுந்தால்தான் இது பூக்கும்.

(காட்சி: ஃபுகுஷிமா மாநிலம், மிஹாரு.)

இதைப் பாருங்கள். ஜப்பானில், மிஹாருவின் தகிசகுரா, இதுவும் ஒரு தொங்கும் செர்ரி. ‘தகி’ என்றால் அருவி. ஆயிரம் வருடங்களுக்கு மேற்பட்ட மரம் என்கிறார்கள். 1922-இல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கிளைகளுக்கு அடியில், நாம் வாழைக்குக் கொடுப்பது மாதிரி, மரக்கம்புகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கியோட்டோவின் மருயாமா பூங்காவில் இருந்த புகழ்பெற்ற தொங்கும் செர்ரி 1947-இல் பட்டுப்போனது. இன்று அங்கே பூப்பது அதன் விதையிலிருந்து வளர்த்து 1949-இல் நட்ட பிள்ளை.

(காட்சி: மீண்டும் வீட்டு மரம்.)

இந்த வெள்ளைப்பூக் கிளைகள் மணிக்கட்டு கனத்துக்கு வந்துவிட்டன, கத்தரி போதாது. பூ உதிரட்டும். மே மாதம் ஒரு வறண்ட காலையில் கைரம்பத்தோடு வருவோம்.