ஆன்லைன் விளையாட்டு பிள்ளைகளுக்குத் துணையே!

நடுவர் அவர்களே, பெற்றோர்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

"புறநகர்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் விளையாட்டு துணையா, தனிமையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, "கதவைச் சாத்திக்கொண்டு கத்துகிறானே, அதுவா நட்பு? நாமெல்லாம் தெருவில் விளையாடவில்லையா?" என்று கேட்டார். விளையாடினோம் அம்மா. மதுரையில் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் வருவார்கள். இங்கே டெக்சாஸில், டாலஸின் புறநகரான ஃபிரிஸ்கோவில் என் மகன் யாரைக் கூப்பிடுவான்? நண்பன் வீடு நான்கு மைல். நடுவில் ஆறு வழிச் சாலை. பஸ்ஸும் ரயிலும் விடும் டாலஸின் டார்ட் போக்குவரத்து அமைப்பில் நம் ஊர் சேரவே இல்லை. டெக்சாஸில் தனியாகக் கார் ஓட்ட 16 வயதாக வேண்டும், அவனுக்கு 14. ஜூலை மாத வெயிலில் சைக்கிளில் போ என்று சொல்ல உங்களில் யாருக்கு மனம் வரும்? நல்ல பள்ளிக்கூடமா என்று பார்த்துப் பார்த்து இந்த வீட்டை வாங்கினேன். நடந்து போகும் தூரத்தில் அவனுக்கு ஒரு நண்பன் கிடைப்பானா என்று பார்க்கவில்லை.

ஒருநாள் அவன் அறைக்கு வெளியே நின்று கேட்டேன். மைன்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் நான்கு பேர் சேர்ந்து பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிக்கொண்டே ஒரு பையன், தன் அப்பாவும் அம்மாவும் பிரியப் போவதாகச் சொன்னான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் என் மகன், "நாளைக்கு லஞ்சுக்கு என் பக்கத்தில் உட்காரு" என்றான். எதிரே உட்கார வைத்துக் கேட்டிருந்தால் அந்தப் பையன் வாய் திறந்திருப்பானா?

2015இல் பியூ ஆய்வு மையம் 13 முதல் 17 வயது அமெரிக்கப் பிள்ளைகளிடம் கேட்டது. ஆன்லைனில் விளையாடுபவர்களில் 78 சதவீதம் பேர், ஏற்கெனவே தெரிந்த நண்பர்களோடு அதனால் நெருக்கம் கூடுகிறது என்றார்கள்.

உலக சுகாதார நிறுவனமே இதை நோய் என்றுவிட்டதே என்றார் சகோதரி. சரி, அந்த வரையறையையும் படிப்போம். கட்டுப்பாடு போய், படிப்பும் குடும்பமும் பாதிக்கப்பட்டு, வழக்கமாக 12 மாதமாவது அது நீடித்தால்தான் அந்தப் பெயர். அப்படிப்பட்ட பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், மறுக்கவில்லை. முகம் தெரியாதவர்கள் வந்து பேசுவதும் ஆபத்துதான். யாரோடு பேசுகிறான் என்று தெரிந்துவைத்திருப்பது நம் வேலை.

ஆனால் ஒரேயடியாகப் பிடுங்கிவிடலாமா? போன வருடம் மதிப்பெண் குறைந்ததென்று இரண்டு வாரம் நான் பிடுங்கி வைத்தேன். அவன் வெளியே போய் விளையாடவில்லை, நடுவர் அவர்களே. சோபாவில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்தாம் நாள் திருப்பிக் கொடுத்தேன். ஹெட்செட்டைக் காதில் மாட்டுவதற்குள், "எங்கே போயிருந்தாய்?" என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன. எனக்கே கேட்டது.

நன்றி, வணக்கம்.